மாடிக் கழிப்பறை ஒழுக்கு: எந்த பிளம்பரிடம், என்ன பேசி வேலையை ஒப்படைப்பது?

குரோம்பேட்டைவாசி, சனிக்கிழமை காலை

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 1997இல் கட்டிய, கீழும் மேலுமாக இரண்டு பகுதிகள் கொண்ட தனி வீடு. மேலே நானும் 71 வயதான என் அம்மாவும் இருக்கிறோம். கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மூன்று வாரங்களாக மாடிக் கழிப்பறைக்கு நேர் கீழே, அவர்களுடைய படுக்கையறைக் கூரையில் ஓதம் படர்ந்து, இப்போது சொட்டவும் தொடங்கிவிட்டது. கைக்குழந்தை உள்ள வீடு என்பதால் எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை.

மேலே இருப்பது தரையில் பதித்த வெஸ்டர்ன் டாய்லெட். ஃபிளஷ் டேங்க் தனியாகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. உட்கார்ந்து எழும்போது பீங்கான் லேசாக ஆடுகிறது. இதுவரை இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர், குளியலறை முழுவதையும் உடைத்து நீர்க்காப்புப் பூச்சு அடித்து, புது டைல்ஸ் போட்டு, புது பீங்கான் வைக்க மொத்தமாக 48,000 ரூபாய் ஆகும் என்றார். இரண்டாமவர், பீங்கானின் அடியைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தால் போதும், 900 ரூபாய் கொடுங்கள் என்றார். இருவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. ஒரே ஒழுக்குக்கு இவ்வளவு தூரம் வேறுபட்ட இரண்டு பதில்கள் வரும்போது யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


திருச்சி பொறியாளர், சனிக்கிழமை பிற்பகல்

அம்மா, கட்டடப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இருவரில் யாரையும் இப்போதைக்கு அழைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் இருவருமே கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் பெரிய வேலையையும் மற்றவர் சின்ன வேலையையும் ஊகித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு மாடிக் கழிப்பறையிலிருந்து கீழே தண்ணீர் இறங்க நான்கு வழிகள் உண்டு. சுவருக்குள் ஓடும் நீர்வரத்துக் குழாய் அரித்திருக்கலாம். உங்கள் வீட்டின் வயதைப் பார்த்தால் அது இரும்புக் குழாயாக இருக்கவும் வாய்ப்புண்டு. பீங்கானின் வெளியேறு வாய் மலக்குழாயோடு சேரும் இணைப்பு விட்டிருக்கலாம். குளிக்கும் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பைச் சுற்றி விரிசல் இருக்கலாம். அல்லது டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு தேய்ந்து, தரைத்தண்ணீர் அடியில் உள்ள நிரப்பில் ஊறியிருக்கலாம். இந்த நான்கும் கீழே ஒரே மாதிரியான கறையைத்தான் உண்டாக்கும். ஆனால் சொட்டும் நேரம் வேறுபடும். வரத்துக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால் அந்த ஒழுக்கு இரவு பகல் பாராமல் சொட்டும். இணைப்பு விட்டிருந்தால் ஃபிளஷ் செய்த பிறகுதான் சொட்டும். மற்ற இரண்டும் குளித்த பிறகோ தரை கழுவிய பிறகோ வெளிப்படும்.

ஆகவே இரண்டு நாள் சோதனை செய்யுங்கள். முதலில் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி, ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுக் குறிக்கச் செய்யுங்கள். பிறகு ஃபிளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கழிப்பறையில் ஒரு துளித் தண்ணீரும் ஊற்றாமல் இருங்கள். அடுத்த நாள் காலையில் பீங்கானுக்குள் மட்டும் இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மாலையில் நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கீழே என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு பேசினால் எந்த பிளம்பரும் உங்களிடம் ஊகத்தை விலைபேச முடியாது.


வேளச்சேரி குடியிருப்புச் செயலர், சனிக்கிழமை மாலை

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள் இருக்கின்றன. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் சமாளிக்கிறோம். கழிப்பறைப் புகார்களில் பெரும்பாலானவை கீழே சொட்டும் ஒழுக்குகள் அல்ல, ஃபிளஷ் டேங்கிலிருந்து பீங்கானுக்குள் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருப்பவை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வழிந்தால் ஒரு நாளைக்கு 288 லிட்டர் வீணாகிறது. கண்ணுக்கு அது ஒரு மெல்லிய ஈரக்கோடாகத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க பிளம்பரே தேவையில்லை. இரவில் டேங்கின் மூடியைத் திறந்து சமையலில் போடும் கேசரிப் பவுடரைச் சிறிது கரைத்துவிட்டு, அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தால், டேங்கின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். எங்கள் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு அந்த வாஷரின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. பல நேரங்களில் கழற்றிக் கழுவி மாட்டினாலே நின்றுவிடும். நிற்காவிட்டால் வாஷரை மாற்றினால் போதும். முழு டேங்கையும் மாற்றச் சொல்பவரிடம், பழைய பாகத்தைக் கழற்றிக் கையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிளம்பரைத் தேடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குடியிருப்பில் நிரந்தரமாக வேலை செய்பவர் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டைப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குழாய் வேலைக்காரர்கள் இந்தியா முழுவதும் போயிருக்கிறார்கள். இத்தொழிலுக்கென்றே அங்கு ஓர் அரசுப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர். யாருடைய வேலை திரும்பி வருகிறது, யாருடையது வருவதில்லை என்று அந்தக் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரிகிறது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது போன வாரம் வேலை செய்துகொண்டவரைக் கேட்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டவரைக் கேளுங்கள்.


கோவை வாசகர், சனிக்கிழமை இரவு

என் அனுபவம் கசப்பானது. கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக ஒருவரை வரவழைத்தேன். ஃபிளஷ் டேங்கின் உள்பாகங்கள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். தான் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார். வாங்கி மாட்டிய பிறகு பழைய பாகங்களைக் கேட்டபோது, அவை ஏற்கெனவே அவருடைய பைக்குள் போயிருந்தன. கடைக்காரரிடமிருந்து இவர்களுக்குக் கமிஷன் வருகிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலை தெரிந்தவர்கள் இருக்கலாம். ஆனால் உண்மையாகப் பேசுகிறவரை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் என் கேள்வியும்.


தாம்பரம் பிளம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை

நான் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கோவை நண்பர் சொன்ன கமிஷன் இருப்பது உண்மைதான். அதை மறைத்துப் பயனில்லை. அது ஏன் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாஷர் மாற்ற மூன்று கிலோமீட்டர் வந்து, அரைமணி நேரம் பார்த்து, குறை எங்கே என்று சொன்னால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்கும் வீடுகள் நிறைய. கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடைக்காதபோது சிலர் அதைச் சாமானில் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே அழைக்கும்போதே, "வந்து பார்ப்பதற்குத் தனியாக முந்நூறு ரூபாய் தருகிறேன், வேலையைப் பிறகு பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவரின் கண் உங்கள் குழாயின் மேல் இருக்கும். கூலியைத் தனியாகவும் சாமானைத் தனியாகவும் பேசுங்கள். சாமான் பட்டியலை அவர் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குவது நீங்களாக இருங்கள்.

உண்மையாகப் பேசுகிறவரைக் கண்டுகொள்ள நான் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "எதனால் ஒழுகுகிறது என்று நினைக்கிறீர்கள், அதை எனக்கு எப்படிக் காட்டுவீர்கள்?" வேலை தெரிந்தவர் உடனே வாளியையோ டார்ச்சையோ எடுப்பார். தெரியாதவர் விலையைச் சொல்வார்.

குரோம்பேட்டை அம்மாவுக்கு: பீங்கான் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய குறிப்பு. அந்தக் காலத்தில் பீங்கானின் வாயை நான்கு அங்குல மலக்குழாய்க்குள் இறக்கி, இடைவெளியில் சணல் கயிற்றைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து அடைப்போம். பீங்கான் அசைய அசைய அந்தச் சிமெண்ட் வெடித்துவிடும். வெளியே அடியைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசினால் ஒழுக்கு நிற்காது. வெளியே தெரியாமல் போகும், அவ்வளவே. ஒவ்வொரு ஃபிளஷுக்கும் கழிவுநீர் அடியிலேயே தேங்கி, கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். 900 ரூபாய் வேலையை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ஆனாலும் பொறியாளர் ஐயா சொன்ன சோதனையை முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானும் பார்க்காமல்தான் எழுதுகிறேன்.

ஃபிளஷ் செய்யும்போது நஹானி ட்ராப்பில் குமிழி வருகிறதா, களகளவென்று சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் அடைப்பு வெளிக்குழாயிலோ செப்டிக் டேங்கிலோ இருக்கிறது. பீங்கானை மாற்றிப் பயனில்லை. இந்த இடத்தில் ஒன்றை மனம் திறந்து கேட்டுக்கொள்கிறேன். செப்டிக் டேங்கிலோ ஆள்நுழைவுக் குழியிலோ இறங்கச் சொல்லி எந்த பிளம்பரையும் கேட்காதீர்கள். கூடுதல் பணம் தருவதாகவும் சொல்லாதீர்கள். அங்கே தங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உறிஞ்சு லாரிக்கு 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.


குரோம்பேட்டைவாசி, புதன்கிழமை இரவு

எல்லோருக்கும் நன்றி. அம்மாவை இரண்டு நாள் தங்கை வீட்டில் விட்டுவிட்டுச் சோதனையை முடித்தேன். வால்வை மூடி வைத்த நாளில் இரவுக்குள் சொட்டுவது நின்றுவிட்டது. பென்சில் கோட்டைத் தாண்டி ஓதம் நகரவில்லை. மறுநாள் பீங்கானுக்குள் மூன்று வாளி தண்ணீர் ஊற்றியதும் எட்டாவது நிமிடத்தில் கீழே சொட்டத் தொடங்கியது. மாலையில் தரையில் தண்ணீர் நிறுத்தி மூன்று மணி நேரம் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆக, தாம்பரம் ஐயா சொன்ன இணைப்புத்தான் என்று தோன்றுகிறது. 48,000 ரூபாய்க்குத் தரை முழுவதையும் உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி: பழைய பீங்கானையே எடுத்து மீண்டும் வைக்கலாமா, அல்லது புதிது வாங்க வேண்டுமா? அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் தாழ்வான இருக்கையிலிருந்து எழச் சிரமப்படுகிறார்கள்.


தாம்பரம் பிளம்பர், வியாழக்கிழமை காலை

சிமெண்டில் பதித்த பீங்கானை எவ்வளவு நிதானமாக எடுத்தாலும் பாதிக்குப் பாதி உடையும். வருகிறவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். உடைந்த பிறகு சொன்னால் அது சண்டையில்தான் முடியும். அம்மாவின் மூட்டுக்காகப் புதிது வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம். சாதாரண இருக்கை தரையிலிருந்து பதினைந்து, பதினாறு அங்குலம் இருக்கும். பெரியவர்களுக்கென்று பதினேழு அங்குலத்துக்கு மேல் உயரம் வைத்தும் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் அம்மாவைக் கடைக்கே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைக்குப் போகுமுன் அளவு எடுத்தாக வேண்டும். உங்களுடையது தரைக்குள் இறங்கும் குழாயாக இருந்தால் அது எஸ் ட்ராப். சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப்பில், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து குழாய் வாயின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம்தான் உயிர். ஒன்பது அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் தனித்தனிப் பீங்கான்கள் வருகின்றன. ஒன்பது அங்குல இடத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் பீங்கானை வாங்கி வந்தால், குழாயையே உடைத்து நகர்த்த வேண்டியதாகிவிடும். பழைய பீங்கானைத் தரையில் பிடிக்கத் திருகுகளும் இருந்தால், பின் திருகுகளின் நடுவிலிருந்து அளந்து, எடுக்காமலேயே ஏறக்குறையத் தெரிந்துவிடும். எடுத்த பிறகு மீண்டும் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நடுவில் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டித் தரை உயர்ந்திருந்தால் குழாயின் வாய் தாழ்ந்து கிடக்கும். அதற்கு ஒரு நீட்டிப்பு போடாமல் பீங்கானை வைத்தால் இதே ஒழுக்கு மறுபடி வரும்.

இணைப்புக்குக் கயிறும் சிமெண்டும் வேண்டாம். ரப்பர் உதடுகள் கொண்ட பான் கனெக்டர் கேளுங்கள். பீங்கானைத் தரையில் துளையிட்டுத் திருகால் பிடிக்க வேண்டும். விளிம்பைச் சிலிக்கானால் மூட வேண்டும். ஒரு நாள் காயவிட வேண்டும்.


திருச்சி பொறியாளர், வியாழக்கிழமை பிற்பகல்

நண்பர் சொன்ன அளவு பற்றிய எச்சரிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இரண்டு சேர்க்கைகள்.

பீங்கானில் ஐ.எஸ். 2556 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கண்ணாடிப் பீங்கான் கழிப்பறைச் சாதனங்களுக்கான இந்தியத் தரநிர்ணயம். அடுத்து, பீங்கானை மாற்றும்போது பழைய ஃபிளஷ் டேங்கை வைத்துக்கொண்டு சிக்கனம் செய்ய வேண்டாம். அதேபோல் பழைய பீங்கானுக்குப் புது டேங்கும் வேண்டாம். அந்தக் காலப் பீங்கான்கள் ஒருமுறைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்று வடிவமைக்கப்பட்டவை. இன்றைய இரட்டைப் பொத்தான் டேங்குகளோ மூன்று, ஆறு லிட்டர்தான் தருகின்றன. பழையதோடு புதிய டேங்கைச் சேர்த்தால், கழிவு குழாயில் முழுத் தூரமும் போகாமல் நடுவில் தங்கி அடைப்பு உண்டாகும். இரண்டையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள்.

சிலிக்கானைப் பொறுத்தவரை, விளிம்பு முழுவதையும் சுற்றி மூட வேண்டும் என்பது என் கருத்து. இல்லையென்றால் தரை கழுவும் தண்ணீர் உள்ளே போய் நாற்றம் எடுக்கும்.


தாம்பரம் பிளம்பர், வியாழக்கிழமை மாலை

இதில் மட்டும் ஐயாவோடு எனக்கு மாறுபாடு உண்டு. பின்பக்கம், சுவரை ஒட்டி, ஓர் அங்குல நீளத்துக்குச் சிலிக்கான் வைக்காமல் விடுவது என் வழக்கம். நாளைக்கு இணைப்பு விட்டால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து நம் கண்ணில் படும். கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்த்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மாடிக் கழிப்பறைகளில் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.


வேளச்சேரி குடியிருப்புச் செயலர், வியாழக்கிழமை இரவு

வேலையை ஒப்படைக்கும்போது பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி இருவரும் சரி என்று பதிலிட்டுக்கொள்ளுங்கள். பழைய பீங்கானை யார் எடுத்துப்போவது, உடைந்த டைல்ஸை யார் ஒட்டுவது, வேலை நடக்கும் பகல் முழுவதும் கழிப்பறை இருக்காது என்பதற்கு என்ன மாற்று, மூன்று மாதத்துக்குள் மறுபடி சொட்டினால் கூலியில்லாமல் வருவாரா ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். அதேபோல் வேலை சரியாக முடிந்த பிறகு ஒரு நாள்கூட இழுத்தடிக்கவும் வேண்டாம்; கூலியை உடனே கொடுக்கும் வீட்டுக்கு அடுத்த முறை கூப்பிட்ட நேரத்தில் வருவார்கள். அவர் வருவதற்கு முன் கழிப்பறையைச் சுத்தமாகக் கழுவி வைத்து, கை கழுவ சோப்பும், வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கும் அதே டம்ளரில் காப்பியும் கொடுங்கள். இதை எழுதவேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் நடப்பதில்லை.


குரோம்பேட்டைவாசி, பதினைந்து நாட்களுக்குப் பிறகு

வேலை முடிந்தது. எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னவரைத்தான் அழைத்தேன். பார்ப்பதற்குத் தனிக்கூலி தருகிறேன் என்றதும் சற்று வியந்தார். நான் எழுதி வைத்திருந்த தாளைப் படித்துவிட்டு, தானும் ஒருமுறை வாளியில் தண்ணீர் ஊற்றிக் கீழே போய் நின்று பார்த்தார். அந்த நேரத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எடுக்கும்போது பீங்கான் உடையக்கூடும் என்று நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். சொன்னபடியே பின்கால் உடைந்தது. உள்ளே சணல் கயிறு மக்கிக் கறுப்பாகக் கிடந்தது. சிமெண்ட் வளையம் மூன்று துண்டுகளாக இருந்தது. அளவு ஒன்பது அங்குலம். முதலில் நான் கடையில் பார்த்து வைத்திருந்தது பன்னிரண்டு அங்குலம் என்பதை நினைத்து, அளக்காமல் வாங்காததற்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

உயரமான பீங்கானும் டேங்கும் சேர்ந்து 9,800; கனெக்டர், ஆங்கிள் வால்வு, இணைப்புக்குழாய் 1,150; கூலி 2,500; இடிபாட்டை எடுத்துப்போக 300. மொத்தம் 13,750 ரூபாய். சிலிக்கான் வைக்கும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் விடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதை யாரிடம் கேட்டீர்கள்?" என்றார்.

அம்மா இப்போது கையூன்றாமல் எழுகிறார்கள். பக்கச் சுவரில் ஒரு பிடிகம்பி பொருத்த வேண்டும் என்று நினைக்கிறேன். கீழே சொட்டுவது முதல் நாளே நின்றுவிட்டது. ஆனால் கூரையின் ஓதம் இன்னும் காயவில்லை. பெயிண்ட் எப்போது அடிக்கலாம் என்று கீழ்வீட்டுக்காரர் கேட்கிறார்.


திருச்சி பொறியாளர், அதே நாள் மாலை

மிக்க மகிழ்ச்சி அம்மா. உள்ளே ஊறிய தண்ணீர் காய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். பென்சில் கோட்டிலிருந்து ஓதம் பின்வாங்கிக்கொண்டே வருகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். முழுவதும் வெளுத்த பிறகு, உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்து மறுபூச்சு பூசிவிட்டு, அதற்குப் பிறகே பெயிண்ட் அடியுங்கள். கம்பி தெரியும் அளவுக்குப் பூச்சு உதிர்ந்தால் மட்டும் உடனே எழுதுங்கள்.


தாம்பரம் பிளம்பர், அதே நாள் இரவு

பிடிகம்பிக்குத் துளை போடுவதற்கு முன், ஃபிளஷ் டேங்குக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் தண்ணீர் வரும் குழாய் சுவரில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வேலை செய்தவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸை விரலால் தட்டி, பொள்ளல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து, செங்கல் வரை இறங்கும் ஆங்கர் போல்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா முழு எடையையும் அதன் மேல் போடுவார்கள்.